மலை பார்க்கப் போன பர்வதம்

போன பங்குனியில் ஒரு மத்தியானம், பரமக்குடியில் எட்டாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். வராந்தாவில் சேதுராமன் அண்ணன் வந்து நின்றார். பர்வதத்தின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் எங்கே நிற்பது என்று தெரியாதவரைப் போலத் தூணை ஒட்டி நின்றார். நான் வெளியே வந்ததும், "விடியக்காலம் போயிட்டாத்தா" என்றார். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், அடுத்த எடுத்துக்காட்டு?" என்றது. உள்ளே போய் அதை எழுதிப்போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். எப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

இராமநாதபுரத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களும் எங்களிடம் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். உங்களுக்கெல்லாம் அவர் பூகோள டீச்சர். எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுவது போலிருந்தது.

திருப்புல்லாணிக்குப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. நிலபுலம் உள்ள குடும்பம். ஆனால் வானம் பார்த்த நிலம். அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அய்யா, அண்ணன், இவள். இராமேஸ்வரம் அம்மனின் பெயரான பர்வதவர்த்தினியைத்தான் இவளுக்கு வைத்திருந்தார்கள். "பேரு மலை. பிறந்தது பொட்டல். மேட்டுல ஏறுனா கண்மாய்க் கரை, அதுக்கு மேல ஆகாயம்தான்" என்று சொல்லிச் சிரிப்பாள். முப்பது வயது தாண்டும்வரை அவள் ஒரு மலையைக் கூடப் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஐரோப்பா பாடம். மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு உள்ளே நுழைந்திருக்கும் நார்வே தேசத்துக் கடற்கரையைப் பற்றி அதில் இரண்டு வரி வரும். ஃபியோர்டு என்று அதற்குப் பெயர். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மலைக்குள்ள கடல் எப்படி டீச்சர் போகும்? நம்ம கடல் ஓடைக்குள்ள நுழையிற மாதிரியா?" பர்வதம், "எனக்குத் தெரியல. நானும் மனப்பாடமாத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள். பக்கத்து வகுப்பில் இருந்த எனக்குக் கேட்டது. மணி அடித்ததும், பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்லலாமா என்று கேட்டேன். "தெரியாதது இருக்கிறவரைக்கும்தானே கமலா, போறதுக்கு இடம் இருக்கு?" என்றாள்.

நானோ நீங்களோ அதோடு விட்டிருப்போம். அவள் விசாரித்தாள். அந்தச் சமயம், மீன்பிடி வள்ளங்களில் எஞ்சின் பொருத்த முடியுமா என்று பார்க்க ஒரு நார்வேக்காரர் மனைவியோடு மண்டபம் ஊரில் வந்து தங்கியிருந்தார். அடுத்த சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள். "முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்ல போய் என்னன்னு சொல்லிக் கதவத் தட்டுவே?" என்று உச்சிப்புளி வரைக்கும் கேட்டுக்கொண்டே போனேன். "கடல் எப்படி உள்ள போகுதுன்னு கேப்பேன்" என்றாள்.

கேட்டாள். கதவைத் திறந்த பெண்ணுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். வெயிலில் வெந்து சிவந்த முகம். பெயர் இங்கிரிட். அவருடைய ஆங்கிலமும் எங்களுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று தூரத்து உறவு. ஆனாலும் கேள்வி புரிந்துவிட்டது. புரிந்ததும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவருடைய ஊர் எப்படி இருக்கும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லையாம்.

எங்களைக் கரைக்கு அழைத்துப் போனார். மீன் கூடைகளையும் கவிழ்த்த பானைகளையும் மணலில் இரண்டு வரிசையாக வைத்து, அவற்றின் மேல் ஒரு தார்ப்பாயை விரித்தார். நடுவில் காலால் அழுத்தி நீளமாக ஒரு பள்ளம் செய்தார். பிறகு வாளியில் கடல் தண்ணீரை மொண்டு வந்து பள்ளத்தின் வாயில் ஊற்றினார். தண்ணீர் கூடைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து உள்ளே ஓடி, கடைசியில் போய் நின்றது. வலை காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடிவிட்டார்கள். "அம்புட்டு உள்ளேயும் மீன் ஏறி வருமா?" என்று ஒருத்தி கேட்டாள். பர்வதம் மொழிபெயர்த்தாள். வரும் என்றார் இங்கிரிட். "அப்ப நல்ல ஊருதான்" என்று அந்தப் பெண் வலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பதிலுக்கு எங்கள் மலையைக் காட்ட வேண்டும் என்று ஒருநாள் இங்கிரிட்டைப் பாம்பன் பாலம் தாண்டி இராமேஸ்வரத்துக்கு அழைத்துப் போனோம். கந்தமாதன பர்வதம் என்று பெயர் கேட்டதும் அவர் தடித்த காலணி எல்லாம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மணல்மேட்டில் ஏறி அங்கிருந்த கல்மண்டபத்தில் நின்று நாலு பக்கமும் கடலைப் பார்த்தார். பிறகு, "மலை எங்கே?" என்று கேட்டார். "அதன்மேல்தான் நிற்கிறீர்கள்" என்றாள் பர்வதம். இருவரும் சிரித்த சிரிப்பில் தீர்த்தமாடிவிட்டு வந்த வடநாட்டு யாத்திரிகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அங்கேதான் இங்கிரிட் சொன்னார்: "நீ எங்கள் ஊருக்கு வா. காரிலேயே போவோம். மலையும் கடலும் மாறி மாறி வரும். ஆனால் தூரம் அதிகம். ஒருத்தியே ஓட்ட முடியாது. நீயும் ஓட்டக் கற்றுக்கொண்டு வா."

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் தபாலில் பெரிய வரைபடம் ஒன்று வந்தது. ஆசிரியர் ஓய்வறை மேஜையில் அதை விரித்தால் நாலு பக்கமும் தொங்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளிகளை அதன் மேல் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் சாப்பிட்டோம். உங்களில் சிலர் அந்த வரைபடத்தில் மோர் சிந்தியிருக்கிறீர்கள். எந்த ஊரில் தங்குவது, எந்த மலைப்பாதை எந்த மாதம் திறக்கும், பனியில் எது மூடிக்கிடக்கும் என்று பர்வதம் ஒவ்வொன்றாக எழுதிக் கேட்பாள். இங்கிரிட் பதில் போடுவார். சாலை ஓரிடத்தில் கடலில் போய் முடிந்து எதிர்க்கரையில் மறுபடி தொடங்கியிருந்தது. அச்சுப்பிழை என்றார் கணக்கு டீச்சர். பர்வதம், "இல்ல, அங்கன காரைப் படகுல ஏத்துவாங்க. நம்ம மண்டபத்துல காரை ரயில்ல ஏத்தித் தீவுக்குக் கொண்டு போறோம்ல, அது மாதிரி" என்றாள். அதற்கப்புறம் யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை.

அண்ணனிடம் பழைய ஜீப் ஒன்று இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்டது. அதில்தான் ஓட்டப் பழகினாள். உச்சிப்புளி சாலையில் கிழக்கே பார்த்துப் போனால் ஒரு வளைவு கிடையாது. மேடு வேண்டுமே என்று கண்மாய்க் கரையில் ஏற்றுவாள். பாதிச் சரிவில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். ஒருமுறை உருண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. அந்த வருடம் தண்ணீர் முழங்காலுக்குத்தான். மாடு பூட்டி இழுத்தார்கள். நார்வேயில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்று தெரிந்ததும் அதையும் பழக ஆரம்பித்தாள். எதிரே வண்டியோட்டி வந்த பெரியவர் மாட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு, "ஏத்தா, எந்தப் பக்கம் வாரீக? எனக்கு ஒண்ணும் வெளங்கலையே" என்றார். "நார்வே பக்கம் வாரேன் அய்யா" என்றாள் இவள். "அது எங்கிட்டும் இருக்கட்டும். இங்கன இடப்பக்கமா வாங்க" என்றார் அவர்.

இதெல்லாம் அவளுடைய அய்யாவுக்குத் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு கல்யாணப் பேச்சு தட்டிப்போனதிலிருந்தே மகளிடம் அதிகம் பேசமாட்டார். கொழும்பிலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் இடம் கிடைக்கும் என்று இங்கிரிட்டின் உறவினர் ஏற்பாடு செய்து, அடுத்த வருடம் எந்த மாதம் என்பது வரைக்கும் முடிவான பிறகுதான் பர்வதம் அவர் முன்னால் போய் நின்றாள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் முற்றத்தில் விதைநெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

"மலைப்பாதையில வண்டி ஓட்டுவியா நீ?"

"ஓட்டுவேன் அய்யா."

"மலையப் பாத்திருக்கியா?"

பர்வதம் குனிந்து, சிதறிய நெல்லைக் கையால் கூட்டித் தள்ளினாள்.

"நானும் பாத்ததில்ல. மொதல்ல இங்கன இருக்கிறதுல ஓட்டிக் காட்டு. நானும் வாரேன்."

அப்படித்தான் அந்தச் சித்திரை விடுமுறையில் நாங்கள் நாலு பேர் ஜீப்பில் கோடைக்கானல் போனோம். மதுரையையும் அங்குள்ள குன்றுகளையும் இருட்டிலேயே கடந்துவிட்டோம். விடிந்து, வத்தலக்குண்டு தாண்டியதும் மலை கண்ணில் பட்டது. மேகம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மேகமாக இருந்தால் நகருமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பர்வதம் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லி, இறங்கி, சாலையில் நின்று பார்த்தாள். "இம்புட்டுப் பெருசா!" என்றாள். பாடத்தில் எத்தனையோ மலைகளின் உயரத்தைப் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவள்.

ஏறும்போது அண்ணன்தான் ஓட்டினார். மேலே போகும் வழியில் ஓர் அருவி. அய்யா அதன் முன்னால் போய் நின்றவர் திரும்பி வரவேயில்லை. போய்ப் பார்த்தால், அங்கே தேங்காய் விற்றுக்கொண்டிருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் வைகையில் போய்ச் சேரும் என்று தேங்காய்க்காரர் சொல்லியிருக்கிறார். வைகை எங்கள் பக்கம் வந்து முடிகிற நதி. பாதி வருடம் வந்து சேர்வதே இல்லை. அய்யா குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். "நம்ம பங்கு இங்கிட்டிருந்துதான் கெளம்புது போல" என்று மகளிடம் சொன்னார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அவளிடம் தானாகப் பேசிய பேச்சு அது.

மறுநாள் பிற்பகல் இறங்கும்போது பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. கொண்டை ஊசி வளைவுகளில் அண்ணனுக்குத் தலை சுற்றி, இரண்டு தடவை இறங்கி வாந்தி எடுத்தார். மூன்றாம் தடவை, "என்னால ஏலாது, நீ ஓட்டு" என்று பின்னால் வந்து படுத்துவிட்டார். பர்வதம் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தாள். ஜீப்பின் விளக்கு பனியில் பட்டுத் திரும்பி எங்கள் கண்ணிலேயே அடித்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. சாலை எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. கீழேயிருந்து ஏறும் பஸ்ஸின் ஹாரன் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. பர்வதம் வண்டியை நிறுத்தினாள்.

அய்யா இறங்கினார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து உதறி, முதுகுப்பக்கம் விரித்துப் போட்டுக்கொண்டார். "துண்டப் பாத்து வா" என்றார்.

"ஏறி உக்காருங்க அய்யா. பஸ் வருது."

"பஸ்ஸுக்காரனுக்கு நான் சத்தம் கொடுத்துக்கிறேன். நீ என்னையப் பாத்து வா."

அவர் முன்னால் நடந்தார். சாலையின் விளிம்பைக் காலால் தடவித் தடவிப் பார்த்து, நடுவாக நடந்தார். வளைவு வந்தால் கையை நீட்டிக் காட்டினார். வயலில் மடை திறக்கப் போகிறவரைப் போல, "ஓ... ஓ..." என்று குரல் கொடுத்துக்கொண்டே போனார். பஸ் வந்தது. அவர் குரலுக்கு நின்று, எங்களை ஒதுங்க வைத்து, உரசாமல் ஏறிப்போனது. எத்தனை தூரம் அப்படிப் போனோம் என்று தெரியாது. மூட்டம் கலைந்து, கீழே சமவெளி தெரிந்தபோது அவர் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. ஏறி உட்கார்ந்தார். வேட்டியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார். வத்தலக்குண்டு வந்தபோது, "அங்கன ஒனக்கு முன்னால யாரு நடப்பா?" என்று கேட்டார்.

பர்வதம் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்கன கார்ல நல்ல வெளக்கு இருக்குமாம் அய்யா" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்பச் சரி. போயிட்டு வா. அந்தூருல அருவித் தண்ணியெல்லாம் என்ன பண்ணுறாகன்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

அடுத்த வருடம் தனுஷ்கோடியில் அவளைக் கப்பலேற்றிவிட்டோம். தலைமன்னார் போய், கொழும்பு போய், அங்கிருந்து பெரிய கப்பல். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு போனவள், ஐப்பசி மழைக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டாள். அவள் சொன்ன கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் கேட்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அவ்வளவு காலம் திட்டம் போட்ட பயணத்தில், கிளம்பிய நாளிலிருந்து மழை. மலைகளின் இடுப்புக்கு மேல் மேகம். இங்கிரிட்டுக்கு அழுகையே வந்துவிட்டதாம். அவர் பிறந்த ஊருக்குப் பின்னால் ஒரு மலை. அதைக் காட்டத்தான் மற்ற வழியெல்லாம் சுற்றி அந்த ஊரைக் கடைசியாக வைத்திருந்தார். அங்கே போய்க் காத்திருந்தும் மேகம் விலகவில்லை. "உன்னை இவ்வளவு தூரம் வரவழைத்து ஒன்றும் காட்ட முடியவில்லையே" என்றாராம். பர்வதம் காரிலிருந்து இறங்கி மழையில் நின்றாளாம். மலைச்சரிவு முழுக்க, வெள்ளை நூல் நூலாக, எண்ண முடியாத அருவிகள் இறங்கிக்கொண்டிருந்தன. "எங்க ஊர்ல இந்த மழைக்குக் கோயில் கோயிலாப் போய் நிக்கிறோம். நீ என்னடான்னா மன்னிப்புக் கேக்குற" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாளாம். பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னாளாம். இங்கிரிட்டும் இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றாராம். அந்த மலையைப் பார்க்கவே இல்லை என்பதை வகுப்பில் பிள்ளைகளிடமும் அப்படியே சொன்னாள்.

ஊருக்குப் போன அன்று அய்யா வாசலிலேயே கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"என்ன பண்ணுறாக?"

"ஒண்ணும் பண்ணலய்யா. சில இடத்துல கரண்ட் எடுக்குறாக. மத்ததெல்லாம் நேரா கடலுக்குத்தான் போகுது."

"அம்புட்டுமா? ஒரு கண்மாய் கூட வெட்டலையா?"

"வேண்டியதில்ல. மறுபடி பெய்யும்."

"நாளைக்குமா?"

"நாளைக்கும் பெய்யும் அய்யா."

அவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். "அப்படியும் ஒரு ஊரு இருக்கட்டும்" என்று எழுந்து போனார். சில வருடங்களில் அவரும் போய்விட்டார்.

எனக்குப் பரமக்குடிக்கு மாற்றல் வந்தபிறகு நாங்கள் பார்ப்பது குறைந்தது. போன தையில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அழைத்துப் போக அண்ணன் வாடகைக் கார் கொண்டுவந்தார். நானும் ஏறிக்கொண்டேன். மானாமதுரை வழியாகத்தான் எப்போதும் போவது. கார் கிளம்பும்போது பர்வதம், "அருப்புக்கோட்டை வழியாப் போங்க. சாயல்குடி போய்க் கடலோரமாப் போவோம்" என்றாள்.

"இந்த ஒடம்போட சுத்திப் போகணுமாத்தா?" என்றார் அண்ணன்.

"எந்த ரோட்டுல போனாலும் ஒடம்பு இதுதானே அண்ணே. அந்த ரோட்டுல நான் போனதே இல்ல."

என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். சாயல்குடி தாண்டியதும் எழுப்பி உட்கார வைக்கச் சொன்னாள். பனைகள், உடைமரங்கள், இடையிடையே தகடு போலக் கடல். அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு ஊர் வரும்போதும், "இது என்ன ஊரு?" என்று கேட்டாள். டிரைவர் மதுரைக்காரர், அவருக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். அவரும் முகம் சுளிக்காமல் ஒவ்வோர் ஊரிலும் நிறுத்தி, யாரையாவது கேட்டுச் சொன்னார். பேர் கேட்டதும் அவள் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். வலி இருந்திருக்கும். அன்று முகத்தில் தெரியவில்லை.

காரியம் முடிந்த பிறகு நான் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். அவளிடமிருந்து எனக்கென்று என்ன மிச்சம் என்று கேட்டால், போன வாரம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காகப் போய் வரும் வழி. சாலையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஊருணிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர், ஓட்டு வீடுகள். எப்போதும் கண்ணில் படுவதுதான். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம், அது என்ன ஊர் என்று கேட்டேன். பேரைச் சொன்னார். நான் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"ஏன் தாயி, அங்கன எறங்கணுமா?" என்றார் அந்த அம்மாள்.

"இல்லம்மா" என்றேன். "சும்மா தெரிஞ்சுக்கத்தான்."